விஷத்துக்கு உருகாத பச்சை ஜெல்லி

அத்தியாயம் 4

மெய்யப்பன் குற்றவாளியைத் தயாராக வைத்திருந்தார். ஆதாரம் தயார். போலீஸ் புகாரும் மலாய் மொழியில் தட்டெழுதி இரண்டு பிரதி தயார். துப்பறிகிறவர்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் குறையும் சனிக்கிழமை பகல் இரண்டரை மணிக்குத் தீர்ந்தது. காஹாங் ஊரின் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த ஒரு பழைய வெள்ளை மைவி கார், அவருடைய பாம்பு ஆய்வக வாசலில் நின்றது.

ஓட்டி வந்தவன் ஹேமநாதன். மூவாரில் ஒரு சோபா கடையின் மாடியில் இருக்கும் 'வெள்ளையம்மா விசாரணை நிலைய'த்தில் அவன் துணைத் துப்பறிவாளன். அப்படித்தான் அவனுடைய விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. கார் ஓட்டுவது, படம் எடுப்பது, வழியில் குளுவாங்கில் நிறுத்திப் பத்துக் கறிபாப் பலகாரம் வாங்குவது ஆகிய நுட்பமான வேலைகளும் அவன் பொறுப்பில்தான் இருந்தன. கறிபாப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி இறங்கினான்.

மறுபக்கம் இறங்கியவர் வெள்ளையம்மா. ஐம்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், எரியாத கடைக்கும் சாகாத மனிதருக்கும் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரித்தவர். யாராவது பொய் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். உண்மை சொன்னால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

"வாங்கம்மா, வாங்க," என்றார் மெய்யப்பன். அறுபத்து மூன்று வயது, நெற்றி நிறைய திருநீறு. ஜொகூர் பாருவில் இரும்புக் கடை வைத்து நன்றாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் என்ன தோன்றியதோ, பாம்பு பக்கம் திரும்பிவிட்டார். "திருடினது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு மட்டும் நீங்க சொன்னா போதும். அஞ்சு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"அப்ப எங்களுக்கு ரெண்டரை மணி நேரம் இருக்கு," என்றார் வெள்ளையம்மா.

"அவ்வளவு நேரம் எதுக்கு?"

"நான் கொஞ்சம் மெதுவா யோசிக்கிற ஆளுங்க சார்."

சமையல்காரம்மா புஷ்பவள்ளி முன்வாசல் மேசையில் டீத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். டீ, பிஸ்கட், சின்னச் சின்னக் கிண்ணங்களில் பச்சை ஜெல்லி. ஹேமநாதன் கை தானாக நீண்டது. "அதெல்லாம் அப்புறம், முதல்ல லேபைப் பாருங்க," என்று சொல்லி மெய்யப்பன் அவனைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போனார். வெயில் நேராக மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. நல்ல டீ வீணாகிறதே என்று அவனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஆய்வகத்தில் நாற்பது பாம்புகள். புத்தகத்தில் குழிவிரியன், இங்கே எல்லோர் வாயிலும் கப்பாக். ஒன்றரை வருஷமாக அவற்றிடம் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்து, அதிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, ஆறு குப்பிகளில் சேர்த்திருந்தார்கள். நேற்று வெள்ளிக்கிழமை, ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில், சிங்கப்பூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் முன்னால் அந்த ஆறு குப்பிகளையும் சோதித்தபோது ஒன்றுகூட வேலை செய்யவில்லை. வந்தவர்களில் ஒருவர் மோந்து பார்த்தார். அப்புறம் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார், உள்ளே இருப்பது கடையில் பெட்டியில் விற்கும் கிரிசாந்திமம் டீ, அதாவது சாமந்திப்பூ டீ என்று.

"ஒன்றரை வருஷ உழைப்பு. அதே மஞ்சள் கலர். ஸ்ட்ரா ஒண்ணுதான் போடல," என்றான் ஹேமநாதன்.

"ஹேமா, வாயை மூடு," என்றார் வெள்ளையம்மா. அந்தச் செல்லப் பெயர் அவனுக்குப் பிடிக்காது. அதனால்தான் அவர் அப்படிக் கூப்பிடுகிறார்.

குற்றவாளியைக் கூட்ட அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பெயர் லோஷினி, வயது இருபத்தேழு, ஆய்வு அதிகாரி. இதே காஹாங்கில் செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகள். கைப்பேசியைக்கூட வாங்கி வைத்திருந்தார்கள். அவள் அழுது முடித்து முகம் கழுவி வந்திருந்தது தெரிந்தது.

"நீ என்ன வேல செய்றேன்னு இவனுக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா," என்று ஹேமநாதனைக் காட்டினார் வெள்ளையம்மா. "இவனுக்குப் புரிஞ்சா நாட்டுல எல்லாருக்கும் புரியும்."

லோஷினி அவனைப் பார்த்தாள். "பாம்பு ஏன் தன் விஷத்துலயே சாகலன்னு யோசிச்சிருக்கீங்களாண்ணே?"

"எங்க சித்தி நாக்கைக் கடிச்சிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சிருக்கேன்."

அந்த நிலைமையிலும் அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "கப்பாக் விஷத்துல ரத்தக்குழாயை வெட்டுற நச்சு இருக்கு. அதனாலதான் கடிபட்டவங்களுக்கு ரத்தம் நிக்காம கசியும். ஆனா அதே பாம்போட ரத்தத்துல ஒரு புரதம் சுத்திக்கிட்டு இருக்கு. அது நச்சு மேல போய் ஒட்டிக்கும். வெட்டுற வாயை அப்படியே அடைச்சிடும். நச்சு எங்கயும் போகாது, அங்கயேதான் இருக்கும். ஆனா ஒண்ணும் செய்ய முடியாது."

"நகராண்மைக் கழகத்துக்காரன் டயர்ல கிளாம்ப் போட்ட கார் மாதிரி."

"அதேதாண்ணே. கார் நிக்கும், ஓடாது."

"எல்லாப் பாம்பு விஷத்துக்கும் சரி வருமா?" என்று கேட்டார் வெள்ளையம்மா.

"வராது ஆண்டி. கிளாம்ப் டயருக்குப் பொருந்தணும். நாகப்பாம்பு விஷம் நரம்பைப் பிடிக்கிற விஷம். அதுக்கு இது உதவாது. இந்தக் கப்பாக் மாதிரி வெட்டுற நச்சுக்குத்தான்."

"அப்ப இந்த ரத்தத்தைக் குடிச்சா நமக்கும் விஷம் ஏறாதா?" ஹேமநாதன் ஆர்வமாகக் கேட்டான். பெக்கான் நானாசில் அவனுடைய மாமா ஒருவர் இதே நம்பிக்கையில் அன்னாசித் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறார்.

"வயித்துக்குள்ள போனா ஜீரணமாயிடும். பருப்பும் அதுவும் வயித்துக்கு ஒண்ணுதான்."

மெய்யப்பன் பொறுமையிழந்து கடிகாரத்தைத் தட்டினார். "பாடம் போதும். இவ எப்படித் திருடினான்னு நான் சொல்றேன். ஃபிரிட்ஜுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு இவகிட்ட. இன்னொண்ணு என் தம்பி மகன் திவாகரன்கிட்ட, அவன்தான் மேனேஜர். அவன் திங்கக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் போனான். போறப்ப சாவிய என் கையில குடுத்துட்டுத்தான் போனான். அதுலேருந்து அந்தச் சாவி என் இடுப்பை விட்டு எறங்கல."

"வீடியோகூட இருக்கு," என்றது ஒரு குரல். வாசலில் திவாகரன் நின்றான். முப்பது வயதிருக்கும். மழிக்காத தாடி, கழுத்தில் உருத்திராட்சம், வெறுங்கால். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். காவடிக்கு விரதம் இருந்தான். நேற்று ராத்திரிதான் சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்தான். "சாவிய ஒப்படைக்கிறத எடுத்து வச்சேன். ஒரு சேஃப்டிக்கு."

ஹேமநாதனின் அக்கா கல்யாணத்துக்கே வீடியோ எடுக்கவில்லை. கையில் இருந்த சாவிக்கு இவ்வளவு யோகம் அடித்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை மருந்து நல்ல மருந்து," என்று விரலை மடக்கினார் மெய்யப்பன். "செவ்வா, புதன், வியாழன், மூணு நாளும் டெஸ்ட் பாஸ். இவளே கையெழுத்துப் போட்டிருக்கா. வெள்ளி விடியக்காலம் ஐஸ் பெட்டியில வச்சு இவ தனியா ஜொகூர் பாருவுக்கு ஓட்டிக்கிட்டுப் போனா. ஹோட்டல்ல பாத்தா டீ. நடுவுல வேற யாரு?"

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். நேர்மையாக எழுதிய கையெழுத்தே அவளைக் கொண்டுபோய் மாட்டியிருந்தது. "நான் எடுக்கலங்க," என்றாள். "எப்படி மாறிச்சுன்னு எனக்கே தெரியல. மூணு நாளும் ஜெல்லியில ஒரு குழி விழல."

"ஜெல்லியா?" என்றார் வெள்ளையம்மா.

கம்பெனிக்காரர்கள் மருந்து கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று தினமும் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு கிண்ணம் ஜெல்லி. அதன்மேல் விஷமும் மருந்தும் கலந்து ஒரு சொட்டு. மருந்து வேலை செய்தால் விஷம் அடைபட்டுப் போகும். ஜெல்லி அப்படியே இருக்கும். மருந்து போலி என்றால் விஷம் ஜெல்லியைக் கரைத்துக் குழி தோண்டிவிடும். திங்கட்கிழமைவரை கடையில் வாங்கிய சோதனைத் தட்டு. அன்றோடு அது தீர்ந்துபோனது.

"அப்பதான் நம்ம திவாகரன் தம்பி ஒரு ஐடியா சொன்னான்," மெய்யப்பன் முகம் மலர்ந்தது. "தட்டை எதுக்குக் கடையில வாங்கணும்? நம்ம சமையல்கட்டுலயே ஜெல்லி காய்ச்சலாமே. புஷ்பவள்ளி காலையில ஒரு சட்டி காய்ச்சும். ஆறு கப்பு லேபுக்கு, மிச்சம் நமக்கு டீக்கு. பச்சைக் கலர் போட்டா குழி நல்லாத் தெரியும்னு அதையும் தம்பிதான் சொன்னான்."

"வீணாக்கக்கூடாதில்லீங்களா," என்று தலையாட்டினான் திவாகரன், அடக்கமாக.

"நான் கன்ட்ரோல் வேணும்னு சொன்னேன் ஆண்டி," என்றாள் லோஷினி. "வெறும் விஷத்தை மட்டும் இன்னொரு கப்புல விடணும். அது கரையணும். கரையலன்னா டெஸ்டுலயே கோளாறுன்னு தெரிஞ்சிடும். கேக்கல."

"கரையும்னு தெரிஞ்சதை எதுக்குக் கரைச்சுப் பாக்கணும்?" மெய்யப்பனுக்குக் கோபம் வந்தது. "விஷம் என்ன பைப்புலயா வருது? தினமும் ஒரு சொட்டு மிச்சம். அதுவும் தம்பி கண்டுபிடிச்சதுதான்."

அப்போது அவருக்குப் போன் வந்தது. அவர் வெளியே போனார். வெள்ளையம்மா லோஷினியின் சோதனைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஹேமநாதன் சும்மா நிற்கப் பிடிக்காமல் திவாகரனோடு ஆய்வகத்தைச் சுற்றினான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பாக், பழைய டயர்த் துண்டு போலச் சுருண்டு கிடந்தது. பக்கத்து மேசையில் ஆறு கிண்ணம் பச்சை ஜெல்லி, யாரும் தொடாமல்.

"டெஸ்டுதான் முடிஞ்சிடுச்சே, இன்னிக்கு எதுக்கு?"

"புஷ்பாக்காகிட்ட யாரும் நிறுத்தச் சொல்லல," என்றான் திவாகரன்.

"விஷம் எப்படிங்க ஜெல்லியைக் கரைக்கும்?"

திவாகரன் குரலைத் தாழ்த்தினான். "இது சாதா ஜெல்லி இல்ல பாஸ், ஜெலட்டின். மாட்டெலும்பு, தோலு இதுலேருந்து எடுக்கிறது. நம்ம ரத்தக்குழாய்ச் சுவரும் கிட்டத்தட்ட அதே புரதம்தான், அதான் விஷம் வெட்டும். நானே பாக்கெட் வாங்கிக் குடுத்தேன். பெரியப்பாட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவரு சுத்த சைவம். தெரிஞ்சா சட்டி பானையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டுடுவாரு."

"என் வாய்லேருந்து வராது," என்று ஹேமநாதன் வாக்குக் கொடுத்தான். அவன் வாக்குக் கொடுத்தால் சாதாரணமாக ஒரு மணி நேரம்வரை தாங்கும்.

கூட்ட அறையிலிருந்து புறப்படும் முன் வெள்ளையம்மா லோஷினி பக்கத்தில் போய் நின்றார். "பயமா இருக்கா?"

"இருக்கு ஆண்டி." அவள் மறைக்கவில்லை. "போலீஸ்ல பேரு ஏறிட்டா இனி எந்த லேபுலயும் என்னை உள்ள விடமாட்டாங்க. சார் நேத்து ராத்திரியே தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்புல என் பேரைப் போட்டுட்டாரு, திருடின்னு. அப்பா இன்னிக்கு வேலைக்குப் போகல. வெளிய வர வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு."

வெள்ளையம்மா அவள் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு வெளியே வந்தார்.

முன்வாசலுக்கு வரும்போது மணி மூன்றே முக்கால். டீ ஆறிப்போய், பிறகு வெயிலில் மறுபடியும் சூடாகியிருந்தது. பிஸ்கட்டில் கிரீம் உருகி வழிந்திருந்தது. ஹேமநாதன் கறிபாப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினான்.

திவாகரன் ஒன்றை எடுத்தான். வாயில் வைக்கவில்லை. "உள்ள என்ன?"

"உருளைக்கிழங்கு."

"உருளைக்கிழங்கு மட்டுந்தானா?"

"கொஞ்சம் மசாலா. உளவுத்துறை ஆள் யாரும் உள்ள இல்ல."

"மேல பளபளன்னு இருக்கே. முட்டை தடவியிருப்பாங்களா? மாவுல என்ன கொழுப்பு?" அவன் கறிபாப்பை இரண்டாகப் பிய்த்தான், மோந்து பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பினான். பிறகு டிஷ்யூவில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. விரதம். ஒரு துளி பட்டாலும் போச்சு."

சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் ஜெல்லியை எடுத்துச் சாப்பிட்டான். இன்னொன்றும் எடுத்தான். மெய்யப்பன் ஒன்று. ஹேமநாதன் மூன்று, வீணாக்கக்கூடாதில்லையா.

வெள்ளையம்மா சாப்பிடவில்லை. அவர் தன் கிண்ணத்தைச் சாஸர்மேல் கவிழ்த்தார். ஜெல்லி கிண்ணத்தின் வடிவம் குலையாமல் சாஸரில் நின்றது. கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். ஆடவில்லை.

"அக்கா, சாப்பிடுற சாமான்ல விளையாடாதீங்க," என்றான் ஹேமநாதன்.

"புஷ்பவள்ளி, இத எப்ப வெளிய வச்சீங்க?"

"நீங்க வந்து எறங்கினப்பவே வச்சதுதாங்க," என்றார் அந்தம்மா.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. காஹாங் வெயிலு." வெள்ளையம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். ஹேமநாதனுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அவர் இப்படி வசதியாக உட்கார்ந்தால் இன்னொருவருக்கு வசதிக்குறைவு ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். "சார், லோஷினியக் கூப்பிடுங்க. எங்க ஒளிச்சு வச்சிருக்குன்னு கேட்டீங்கல்ல, சொல்லிடறேன்."

லோஷினி வந்து கதவோரம் நின்றாள்.

"தம்பி," வெள்ளையம்மா திவாகரனிடம் திரும்பினார். "லேபுக்குப் போன ஜெல்லி எதுல செஞ்சது?"

திவாகரன் பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தான். "ஜெல்லி பவுடர்தாங்க."

"என்ன பவுடர்?"

ஹேமநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மணி நேரம் ஆகவில்லைதான், ஆனாலும் பரவாயில்லை. "ஜெலட்டின் அக்கா. மாட்டெலும்புலேருந்து எடுக்கிறது. உங்ககிட்ட சொல்லவேணாம்னு தம்பி கேட்டுக்கிட்டாரு சார்."

மெய்யப்பன் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தம்பி மகனைப் பார்த்தார். "நாலு நாளாடா," என்றார். "நாலு நாளா சாப்பிடறேனேடா. முருகா."

"இல்லீங்கய்யா, இல்லீங்கய்யா," புஷ்பவள்ளி பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "அது அகார் அகார்ங்க. கடல்பாசி. எப்பவும் நாம செய்றதுதாங்க. அந்தப் பாக்கெட்டை நான் பிரிக்கவே இல்லீங்க. மாட்டெலும்புன்னு தெரிஞ்சும் உங்க சட்டியில எப்படிங்கய்யா காய்ச்சுவேன்? கேட்டா திட்டுவீங்கன்னு சொல்லல. பாக்கெட் மேல் தட்டுல அப்படியே இருக்குங்க."

மெய்யப்பனுக்கு உயிர் திரும்பி வந்தது. அது வந்த வேகத்தில் அவர் புஷ்பவள்ளியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அகார் அகாரா?" கதவோரத்தில் லோஷினியின் குரல் விசித்திரமாக ஒலித்தது. "புஷ்பாக்கா, மூணு நாளும் அகார் அகாரா?"

"ஏம்மா, அதுல என்ன? அதுவும் ஜெல்லிதானே?"

"அதுல புரதமே இல்லக்கா." லோஷினிக்கு மூச்சு வாங்கியது. "விஷம் வெட்டுறது புரதத்தை. கடல்பாசியை அதால ஒண்ணும் பண்ண முடியாது. நாப்பது பாம்பு விஷத்தையும் ஊத்தினாலும் அப்படியே நிக்கும். நான் மருந்துக்குப் பதிலா பச்சைத் தண்ணிய விட்டிருந்தாலும் பாஸ்தான்."

"டீயை விட்டாலும்," என்றார் வெள்ளையம்மா. "ஜெலட்டின்னா இந்த வெயிலுக்கு எப்பவோ இளகி ஓடியிருக்கும். இவன் ஸ்பூனால சாப்பிட்டிருக்கமாட்டான், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியிருப்பான். அகார் அகார் கொதிக்கிற சூடு வந்தாத்தான் இளகும். இது நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் தெரியும் சார், உங்க வீட்டுல தெரியல. ஆக மூணு நாள் பாஸ் ஆனது மருந்து இல்ல. கடல்பாசி."

புஷ்பவள்ளி லோஷினியையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் சட்டிதான் அந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. "எனக்குத் தெரியாதும்மா," என்றார். "சத்தியமாத் தெரியாது."

"அப்ப குப்பிய எப்பதான் மாத்தினாங்க?" என்றார் மெய்யப்பன்.

"கடைசியா நம்பக்கூடிய டெஸ்ட் திங்கக்கிழமை காலையில. அதுக்கப்புறம் எப்ப வேணா மாத்தியிருக்கலாம். திங்கக்கிழமை சாயங்காலம்வரைக்கும் ரெண்டாவது சாவி யார் கையில இருந்தது?"

எல்லோரும் திவாகரனைப் பார்த்தார்கள். அவன் தயாராகத்தான் இருந்தான்.

"இது நல்லா இருக்கே," என்றான். "நான் சரியான பவுடர்தான் வாங்கிக் குடுத்தேன். ரசீது இருக்கு. சமையல்காரம்மா மாத்திக் காய்ச்சினா அதுக்கு நானா பொறுப்பு? நான் சிங்கப்பூர்ல இருந்தேன். அது ஜெலட்டின்தான்னு இந்த நிமிஷம்வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன்."

ஹேமநாதனுக்குச் சப்பென்று போய்விட்டது. பையன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. வெள்ளையம்மாவோ, ரொம்ப நாளாகத் தேடிய பொருள் கைக்குக் கிடைத்தவர் மாதிரி முன்னால் சாய்ந்தார்.

"ஒரு கறிபாப்ப ரெண்டாப் பிச்சு, மோந்து பாத்து, முட்டை தடவியிருக்குமோன்னு ஓரமா வச்சீங்க. ஒரு துளி பட்டாலும் போச்சுன்னீங்க. லேபுக்கும் டீக்கும் ஒரே சட்டின்னு உங்க பெரியப்பா சொன்னப்ப தலையாட்டினதும் நீங்கதான். அந்தச் சட்டியில மாட்டெலும்பு வேகுதுன்னு நீங்க நம்பியிருந்தா, காவடி எடுக்க ஒன்பது நாள் இருக்கிறப்ப, ரெண்டு கப்பு எப்படி தம்பி உள்ள போச்சு?"

திவாகரன் கழுத்து உருத்திராட்சத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நிதானமா யோசிங்க," என்றார் வெள்ளையம்மா. "உங்களுக்கு ரெண்டே வழிதான். மாட்டெலும்புன்னு தெரிஞ்சே விரதத்துல சாப்பிட்டீங்களா? இல்ல, அது அகார் அகார்னு முதல்லேருந்தே தெரியுமா?"

மெய்யப்பன் எழுந்து நின்றார். திருட்டைக் கேட்டபோது வராத அதிர்ச்சி இப்போது அவர் முகத்தில் வந்தது. "விரதத்துலயாடா? மாலை போட்டுக்கிட்டா? முருகன் சன்னதியில நாளைக்கு எந்த முகத்தோட..."

"இல்ல பெரியப்பா," திவாகரன் துள்ளி எழுந்தான். "விரதத்தை நான் முறிக்கல. அம்மா மேல சத்தியம். அது அகார் அகார்தான்னு எனக்குத் தெரியும்."

பின்பக்கம் பெட்டிக்குள் ஏதோ ஒரு கப்பாக் சரசரவென்று புரண்டது.

"அலமாக்! அடக்கடவுளே," என்றான் ஹேமநாதன், மெல்ல.

திவாகரன் தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கவேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" மெய்யப்பன் புரியாமல் கேட்டார்.

அதற்குப் பதில் புஷ்பவள்ளியிடமிருந்து வந்தது. "பாக்கெட்டைக் கையில குடுக்கிறப்பவே தம்பி சொல்லிச்சுங்கய்யா. 'அக்கா, இது மாட்டெலும்புல செஞ்சது, தொட்டா கையக் கழுவிக்குங்க'ன்னு ரெண்டு தடவ சொல்லிச்சு. நல்ல பிள்ளை, முன்கூட்டியே சொல்லுதேன்னு நெனச்சேன்."

"பாத்தியா ஹேமா," வெள்ளையம்மாவின் குரலில் லேசான மரியாதைகூட இருந்தது. "மாத்திக் காய்ச்சச் சொல்லல. பொய் சொல்லல. உண்மைய மட்டும் ரெண்டு தடவ சொல்லிட்டு சிங்கப்பூருக்குப் போயிட்டாரு. மிச்சத்த புஷ்பவள்ளியோட பக்தி பாத்துக்கிச்சு. ஹோட்டலுக்கு வந்தவங்க சொந்தமா ஜெலட்டின் தட்டு கொண்டுவருவாங்கன்னும் தெரியும். அங்க குட்டு உடையும், கையெழுத்துப் போட்ட பொண்ணு மாட்டிக்கும்."

"குப்பியெல்லாம் எங்கடா?"

"சிங்கப்பூர்ல... ஒரு கூட்டாளி வீட்டு ஃபிரிட்ஜுல," என்றான் திவாகரன் தரையைப் பார்த்து. "ஆறும் பத்திரமா இருக்கு. இன்னும் யாருக்கும் குடுக்கல."

மெய்யப்பன் நீளமாக மூச்சு விட்டார். வியாபாரத்தில் ஊறிய மனிதர். பொருள் பத்திரம் என்று கேட்டதும் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார்.

"சரி. நல்லதாப் போச்சு. நாளைக்கே போய் எடுத்துக்கிட்டு வந்துடலாம். இவன நான் பாத்துக்கறேன், தம்பி மகன், குடும்ப விஷயம். போலீஸெல்லாம் எதுக்கு? லோஷினி, நீ திங்கக்கிழமை வேலைக்கு வந்துடும்மா. சமையல்காரம்மா ஜெல்லிய மாத்திட்டாங்க, அதான் குழப்பம்னு எல்லாருக்கும் சொல்லிடலாம். முடிஞ்சிடும்."

புஷ்பவள்ளி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார். பழக்கப்பட்ட கழுத்து.

லோஷினி மேசையருகே வந்தாள். "என் போனைக் குடுங்க சார்."

மெய்யப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இப்பவே குரூப்புல அந்த மெசேஜை அழிச்சிடறேன். அழிச்சுட்டா யாருக்கும் தெரியாது."

"எங்க அப்பா படிச்சிட்டாரு சார்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மெய்யப்பன் தன் போனை எடுக்கப் போன கையை இறக்கிக்கொண்டார்.

"ஆண்டி," என்று அவள் திரும்பினாள். "என்னைய ஸ்டேஷன்ல விடுவீங்களா? ரிப்போர்ட் நான் குடுக்கறேன்."

"அம்மா, வெள்ளையம்மா," மெய்யப்பன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "உங்கள வேலைக்கு வச்சது நானு."

"ஆமா சார். திருடினது யாருன்னு தெரிஞ்சா அஞ்சு மணிக்கு ஸ்டேஷன் போகணும்னு நீங்கதான் சொன்னீங்க. மணி நாலே முக்கால் ஆகுது. நீங்க வர்றதா இருந்தா பின்னாடி வாங்க, எங்க கார்ல இடம் இருக்காது."

ஏன் இருக்காது என்று ஹேமநாதன் யோசிப்பதற்குள் புஷ்பவள்ளி சமையல்கட்டுக்குள் போய், பிரிக்காத அந்த ஜெலட்டின் பாக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, விரல் படாமல் பையின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐயாவைப் பார்க்காமல் நேராகப் போய்க் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "சாட்சி கேப்பாங்கல்ல," என்றார், பொதுவாக.

கார் செம்மண் பாதையில் திரும்பியபோது லோஷினி போனைக் காதில் வைத்தாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு எடுத்தார்கள்.

"அப்பா, நான்தான். யாரு எடுத்தாங்கன்னு தெரிஞ்சிடுச்சு. நான் எடுக்கலப்பா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹேமநாதனுக்கு வாயில் நாலைந்து கிண்டல் வந்தது. ஒன்றையும் சொல்லாமல் ஓட்டினான்.

"ஸ்டேஷனுக்குத்தான் போறேன். நீங்களும் வாங்க," என்றாள் அவள். "சட்டைய மாத்திக்கிட்டு வாங்கப்பா. பின்பக்கமா வராதீங்க. கடைத்தெரு வழியா, எல்லாரும் பாக்கிற மாதிரி வாங்க."